சேவாகிராமத்துப் பிள்ளைகளின் மந்திரி சபை



தில்லியிலோ போபாலிலோ உத்தியோகம் பார்த்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு முறை விடுமுறையில் ஊர் சென்று திரும்பும் தமிழர்களுக்கு இந்தியாவின் நடுப்பகுதி முழுவதும் ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளாகவே அறிமுகமாயிருக்கிறது. வாரங்கல், பல்லார்ஷா, நாகபுரி, இடார்சி என்று வரிசை தவறாமல் நம் குழந்தைகள் ஒப்புவிப்பார்கள். அந்த ஊர்களில் மனிதர்கள் எவ்வாறு வாழ்கிறார்கள் என்று நாம் கேட்டதில்லை. நாகபுரிக்குச் சுமார் 75 கிலோமீட்டர் தெற்கே சேவாகிராமம் என்றொரு நிலையம் இருக்கிறது. முன்பு அதற்கு வார்தா கிழக்கு என்று பெயர். பதினெட்டு ஆண்டுகளாக அந்தப் பலகையைக் கடந்து போயிருக்கிறேன். சென்ற ஆண்டுதான் முதன்முறையாக அங்கே இறங்கினேன்.

இறங்கியதற்குக் காரணம் காந்தி பக்தி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மை வேறு. என் மகள் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுடைய பள்ளியில் ‘அனுபவவழிக் கற்றல்’ என்ற பெயரில் ஒரு வேலை கொடுத்தார்கள். கிராமத்துக் கிணறு ஒன்றின் மாதிரியைச் செய்து கொண்டுவர வேண்டும். நாங்கள் இருவரும் மறந்துபோனோம். கடைசி நாள் இரவு ஒன்பது மணிக்கு அங்காடிக்கு ஓடி, தெர்மாக்கோலில் செய்து வைத்திருந்த கிணறு ஒன்றை 350 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். வாளியும் கயிறும்கூட அதில் ஒட்டியிருந்தன. மறுநாள் அதற்கு முழு மதிப்பெண் கிடைத்தது. ‘அனுபவவழிக் கற்றல்’ என்னும் அந்தச் சொற்றொடரைக் காரியாலயத்தில் தமிழில் எழுதி எழுதித் தேய்ந்த கை என்னுடையதுதான். பொருள் விளங்காமல் மொழிபெயர்ப்பது என் தொழிலில் புதிதன்று. ஆனால் பொருளையே கடையில் வாங்கிவிட்டு வந்தது அன்றுதான். அந்தக் கூச்சம் மனத்தில் கிடந்தது. கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து திரும்பும்போது, இரண்டு நாள் மிச்சமிருந்தபடியால், மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு சேவாகிராமத்தில் இறங்கினேன்.

அந்த ஊரின் கதை நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1936ஆம் ஆண்டு காந்தியடிகள் சேகாவ் என்னும் சிற்றூரில் குடியேறினார். அதே பெயர்கொண்ட மற்றோர் ஊருக்குத் தபால்கள் தவறிப் போய்க்கொண்டிருந்ததால், 1940இல் அவ்வூர் சேவாகிராமம் ஆயிற்று. அதற்கு முன்பே, 1937 அக்டோபர் 22, 23 தேதிகளில் வார்தாவில் ஒரு கல்வி மாநாடு கூடியது. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்துக் கல்வி அளிக்க வேண்டும் என்று காந்தியடிகள் அங்கே கூறினார். பின்னாளில் நம் குடியரசுத் தலைவரான ஜாகிர் ஹுசேன் தலைமையில் அமைந்த குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. ஐந்தரை மணி நேரப் பள்ளியில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதை அதில் காணலாம். பள்ளி தன் செலவைத் தானே ஓரளவு ஈட்ட வேண்டும் என்பதும் காந்தியடிகளின் கருத்து. பேராசிரியர் கே. டி. ஷா அதே மாநாட்டில் இதைக் கடுமையாக மறுத்தார். வரும்படியிலேயே கண்ணாக இருந்தால் ஆசிரியர் கங்காணியாகிவிடுவார் என்னும் எச்சரிக்கை ஜாகிர் ஹுசேன் குழுவின் அறிக்கையிலேயே இருக்கிறது. இன்றைக்கும் அந்த எச்சரிக்கை வேண்டியதே.

இந்தத் திட்டத்தை நடத்த 1938இல் இந்துஸ்தானி தாலீமீ சங்கம் ஏற்பட்டது. அதன் செயலாளர் ஒரு தமிழர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர்யநாயகம் அவர்கள் சாந்திநிகேதனத்தில் தாகூரிடம் பணியாற்றியவர். 1930இல் கவி சோவியத் நாட்டுக்குப் பிரயாணம் செய்தபோது உடன் சென்றவர்களில் ஒருவர். அவரும், வங்கத்தவரான அவர் மனைவி ஆஷா தேவியும் சேவாகிராமத்துப் பள்ளியைத் தங்கள் குடும்பமாகவே நடத்தினார்கள். சென்னையில் ஆசிரியையாயிருந்து தமிழ் கற்ற மார்ஜரி சைக்ஸ் அம்மையார் 1949இல் அங்கே வந்து பத்தாண்டுகள் பணி புரிந்தார். சாந்திநிகேதனத்தில் பயின்ற ஓவியர் தேவி பிரசாத், 1944 முதல் பதினெட்டு ஆண்டுகள் அங்கே பிள்ளைகளுக்கு ஓவியமும் மட்கலமும் கற்பித்தார். சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் கூடி நடத்திய பள்ளி அது. ஆதலால், வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு அதில் ஒரு தனி உறவு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஆசிரமத்தில் காந்தியடிகள் நட்ட அரச மரம் ஒன்று இருக்கிறது. அதனருகே ஒரு முதியவரைச் சந்தித்தோம். எண்பது வயதைக் கடந்தவர், பக்கத்துக் கிராமத்துக்காரர், 1950களில் அப்பள்ளியில் படித்தவர். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் மந்திரி சபையைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

அந்தப் பள்ளியில் மாதந்தோறும் பிள்ளைகளின் பொதுச் சபை கூடும். தங்களுக்குள்ளே மந்திரிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். உணவுக்கு ஒருவர், துப்புரவுக்கு ஒருவர், நோயாளிகளைக் கவனிக்க ஒருவர் என்று இலாகாக்கள் பிரியும். மாத முடிவில் ஒவ்வொரு மந்திரியும் எழுந்து நின்று தம் அறிக்கையை வாசிக்க வேண்டும். அது விளையாட்டு மந்திரி சபை அன்று. சமையலறை உண்மைச் சமையலறை. தானியம் உண்மைத் தானியம். கணக்குத் தவறினால் காய்வது உண்மை வயிறு.

நம் முதியவர் 1956ஆம் ஆண்டில், தமக்குப் பதின்மூன்று வயதாயிருக்கும்போது, ஒரு மாதம் உணவு மந்திரியாயிருந்தாராம். காலைக் கஞ்சிக்கு வெல்லம் போடுவது அவர் அதிகாரத்தில் இருந்தது. தோழர்கள் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார்கள். பதவி வந்த புதிதில் யாரையும் பகைத்துக்கொள்ள மனம் வரவில்லை. இருபதாம் தேதி பானையைக் கவிழ்த்துப் பார்த்தால் வெல்லம் இல்லை. வாங்குவதற்கு ஒதுக்கிய தொகையும் தீர்ந்துவிட்டது. மறுநாளே சபையைக் கூட்டினார்கள். முன்னிருப்பு எவ்வளவு, வாங்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று அவர் நடுங்கிக்கொண்டே வாசித்தார். ஆசிரியர் ஒருவரும் அவருக்காகப் பேசவில்லை; அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. அவரினும் இளைய சிறுமி ஒருத்தி எழுந்து, “சாப்பிட்டவர்கள் எத்தனை பேர்? தலைக்கு எத்தனை தோலா?” என்று கேட்டாளாம். அந்த வகுத்தலை அவர் செய்து பார்த்ததே இல்லை. சபையின் நடுவிலேயே சிலேட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தபோது, தலைக்கு அளந்ததைப் போல் ஒன்றரை மடங்கு போட்டிருந்தது தெரிந்தது. மாதம் முடியும் வரை ஒருவருக்கும் வெல்லம் இல்லை என்று தீர்மானமாயிற்று. ஆசிரியர்களுக்கும் இல்லை, விருந்தினருக்கும் இல்லை.

“அடுத்த மாதம் உங்களை நீக்கிவிட்டார்களா?” என்று என் மகள் கேட்டாள்.

“இல்லை, குழந்தாய். மறுபடியும் என்னையே உணவு மந்திரியாக்கினார்கள். வகுத்தல் கற்றுக்கொண்டவன் நான் ஒருவன்தானே!” என்று சிரித்தார் அவர்.

நான் வாங்கி வந்த தெர்மாக்கோல் கிணறு அப்போது நினைவுக்கு வந்தது. அதில் தண்ணீர் ஊறாவிட்டால் யாருக்கும் தாகம் இல்லை. ஒரு பிள்ளையின் தவறு நாற்பது பேருடைய கஞ்சியைத் தொடும்போதுதான் கணக்கு என்பது பாடமாக இல்லாமல் பொறுப்பாக மாறுகிறது. கூட்டு வாழ்வையும் கல்வியையும் சேவாகிராமத்தார் ஏன் பிரிக்க மறுத்தார்கள் என்பது எனக்கு அந்த வெல்லப் பானையால்தான் விளங்கிற்று.

இதைப் போன்ற மற்றொரு செய்தியை, கட்சிரோலி மாவட்டத்தில் பச்சிளங் குழந்தைகளின் உயிர் காக்கும் பணியால் புகழ்பெற்ற மருத்துவர் அபய் பங், தம் பள்ளி நினைவுகளில் சொல்லியிருக்கிறார். அவரும் அங்கே படித்தவரே. மாட்டுக் கொட்டிலுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்ட வேண்டும். எவ்வளவு பெரிது கட்டலாம் என்று ஆசிரியர் கேட்டாராம். மாடு ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும் என்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. வாளியால் அளந்துதான் பார்க்க வேண்டும். கொள்ளளவு என்னும் பாடம் அவருக்கு அப்படித்தான் வந்தது. இதைக் கேட்ட என் மகள் ரயிலில் தானே ஒரு கணக்குப் போட்டாள். பத்து மாடு, மாட்டுக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 400 லிட்டர். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் உயரம் போதும் என்றாள். பிறகு சிறிது யோசித்து, பத்து மாடும் ஒரே சமயத்தில் வந்தால் அந்தச் சிறு தொட்டியைச் சுற்றி நிற்க இடம் இராதே என்றாள். அந்த இரண்டாவது யோசனைக்குத்தான் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

துப்புரவு இலாகாவைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். வானொலியில் கூறத் தகுமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பள்ளியைப் பற்றிப் பேசுவதே வீண். கழிவறைகளைப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் முறை வைத்துத் தாங்களே சுத்தம் செய்தார்கள். கழிவை மண்ணும் இலைதழையும் இட்டு மூடி, மக்க வைத்து எருவாக்கினார்கள். அதற்கு ‘சோன்காத்’, அதாவது பொன் உரம் என்று பெயர். நம் முதியவர் நிலமுடைய விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. மகன் மலவாளி தூக்கினான் என்று கேள்விப்பட்ட தந்தை, வீட்டுக்குள் காலெடுத்து வைக்காதே என்று விரட்டிவிட்டார். இரண்டு நாள் கழித்துத் தாயார் பின்வாசல் வழியாக அழைத்துச் சோறு போட்டாராம். ஓராண்டு சென்றபின் அதே தந்தை பள்ளிக்கு வந்து, அந்த எருவில் இரண்டு வண்டி கிடைக்குமா என்று கேட்டு வாங்கிப் போனார். மனம் மாறினாரா என்று கேட்டேன். “மனம் மாறியது எனக்குத் தெரியாது, கத்தரிக்காய் நன்றாகக் காய்த்தது” என்றார் கிழவர்.

இந்த இடத்தில் தமிழ் நேயர்களுக்கு ஓர் ஐயம் எழும். கைத்தொழில், பள்ளி என்ற இரு சொற்கள் சேர்ந்தாலே நமக்குச் சென்னை மாகாணத்தில் 1953இல் வந்த திட்டம் நினைவுக்கு வருகிறது. கிராமப் பள்ளியின் நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளை தன் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது அது. குலக்கல்வி என்று பெயர் பெற்றுப் பெரும் எதிர்ப்புக்கு ஆளாகி, காமராஜர் முதலமைச்சரானபின் 1954இல் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் எதிர்த்தது நியாயமே என்பது என் கருத்து. தோட்டி மகன் தோட்டி வேலையைக் கற்பதற்குப் பள்ளி எதற்கு? ஆனால் சேவாகிராமத்தில் நடந்தது அதற்கு நேர் எதிரானது. தந்தை செய்யும் வேலையைப் பிள்ளைக்குக் கட்டிவைக்காமல், எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் எல்லா வேலையும் முறை வைத்து வந்தது. வேதம் ஓதும் வீட்டுப் பிள்ளைக்கும் வாளி வந்தது. வாளி தூக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் உணவு மந்திரி பதவி வந்தது. தமிழில் ஆதாரக் கல்வி என்று அழகாகப் பெயரிட்ட நாம், பிற்பாடு இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டோம். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இதில் எனக்கும் சிறிது மனவருத்தம். ‘தொழிற்கல்வி’ என்று ஒரு சொல்லை எளிதாகப் போட்டு நாங்களும் அந்தக் குழப்பத்துக்கு உதவியிருக்கிறோம்.

இத்தனை நல்ல பள்ளி ஏன் நிலைக்கவில்லை? முதியவரின் வாழ்க்கையே விடை சொல்லிற்று. ‘உத்தர புனியாதி’ எனப்பட்ட மேல்நிலைப் படிப்பையும் அங்கே முடித்துவிட்டுக் கல்லூரிக்குச் சென்றார். அந்தச் சான்றிதழை அங்கே ஏற்கவில்லை. தனியாகப் படித்து மெட்ரிகுலேஷன் எழுதித் தேறுவதற்குள் மூன்று ஆண்டுகள் கழிந்தன. பிறகு ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஓய்வு பெற்றார். சர்க்கார் இந்தக் கல்வியைக் கொள்கையளவில் ஏற்றது. ஆனால் தன் அலுவலகத்துக்கு ஆள் எடுக்கும்போது பழைய பரீட்சையையே கேட்டது.

“உங்கள் பிள்ளைகள் இருவரும் இங்கேதான் படித்தார்களா?” என்று என் மனைவி கேட்டாள்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. “நாகபுரியில், ஆங்கிலப் பள்ளியில் படித்தார்கள், தாயே. நான் இழந்த மூன்று வருஷத்தை அவர்களும் இழக்க வேண்டுமா?” என்றார்.

அவரோடு வாதிட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? மகளுக்கு இடம் கிடைப்பதற்காக விடியற்காலை மூன்று மணிக்குப் பள்ளி வாசலில் வரிசையில் நின்றவன் நான். நம்மைப் போன்ற உத்தியோகஸ்தர்கள் ஊர் விட்டு ஊர் வந்ததே ஒரு சான்றிதழின் பலத்தில்தான். அதைப் பிள்ளைக்கும் வாங்கிக் கொடுத்துவிடத் துடிக்கிறோம். அந்தத் துடிப்பு தவறு என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆயினும், காந்தியடிகளின் பள்ளியைச் சர்க்கார் கைவிட்டது என்று மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. பெற்றோரும் கைவிட்டோம்.

1960களுக்குப் பின் சேவாகிராமத்துப் பள்ளி தேய்ந்து, பின்னர் நின்றே போயிற்று. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் கல்விக் குழு ‘பணி அனுபவம்’ என்று ஒரு சொல் தந்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாட்கள் புத்தகப் பையில்லாமல் உள்ளூர்த் தொழிலாளரிடம் கற்கலாம் என்கிறது. குழுவுக்குக் குழு சொல் மாறுகிறது; சொல் மாறும்போதெல்லாம் எனக்குப் பிழைப்பு. பத்து நாளும் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பதினோராம் நாள் அந்தப் பிள்ளை எந்தக் கணக்குக்குப் பொறுப்பாவான் என்பதே என் கேள்வி.

ஆனால் கதை முற்றிலும் முடிந்துவிடவில்லை. 2005இல் அதே வளாகத்தில் ஆனந்த நிகேதன் என்னும் சிறு பள்ளி மராத்தி வழியில் தொடங்கப்பட்டது. தோட்டமும் சமையலும் நூற்பும் அங்கே பாடத்தோடு கலந்தே நடக்கின்றன. நாங்கள் போனது கோடை விடுமுறையாதலால் பிள்ளைகளைக் காணவில்லை. பூட்டிய கதவுகளையும், காய்ந்த பாத்திகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு நிலையத்துக்குத் திரும்பினோம். வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து மகள் தன் தாயாரிடம் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். என்ன சதி என்பது தில்லி சேர்ந்த பிறகே தெரிந்தது.

எங்கள் வீட்டிலும் இப்போது மாதத்தின் முதல் ஞாயிறன்று சபை கூடுகிறது. உறுப்பினர் மூவர். மகள் உணவு மந்திரி. மளிகைக்கும் பாலுக்கும் ஒதுக்கும் தொகையை அவளிடமே கொடுத்துவிடுகிறோம். முதல் மாதம் அவள் கணக்கை எழுந்து நின்று வாசித்தபோது, பருப்பைவிடக் காப்பித்தூளுக்கு அதிகம் செலவானது வெளிப்பட்டது. கும்பகோணத்துக்காரனாகிய நான் என்ன பதில் சொல்வது? கரோல்பாக்கிலிருந்து வாங்கும் முதல் தரத் தூளுக்குப் பதிலாக இரண்டாம் தரம் என்று இருவர் ஆதரவுடன், ஒருவர் எதிர்ப்புடன் தீர்மானம் நிறைவேறியது.

துப்புரவு இலாகாவை யாருக்குக் கொடுப்பது என்பது மட்டும் மூன்று கூட்டங்களாக ஒத்திவைக்கப்பட்டு வருகிறது. கழிவறையைக் கழுவ வாரம் இருமுறை வரும் அம்மாளை நிறுத்திவிட்டால் அவர் பிழைப்பு என்னாவது என்று என் மனைவி கேட்கிறாள். நிறுத்த வேண்டாம், ஆனால் முறை வைத்து நாமும் செய்வோம் என்கிறாள் மகள். நான் அவையில் மௌனமாயிருக்கிறேன். அடுத்த ஞாயிறு இந்த விஷயம் மறுபடியும் விவாதத்துக்கு வருகிறது.